நான் ஆட்டுக்கட்சி

போன மாசம் எங்க காலேஜுக்கு ஒரு பேச்சாளர் வந்திருந்தாரு. பேர் வேண்டாம். பி.காம் கடைசி வருஷப் பசங்களுக்குத் தொழில் தொடங்கறது எப்படின்னு ஒண்ணேகால் மணி நேரம் பேசினாரு. அதுல பாதி நேரம் புலியைப் பத்திதான். "புலியா இருங்க, ஆட்டு மந்தையா இருக்காதீங்க. புலி தனியா நிக்கும், ஆடுதான் கூட்டத்துல ஒளிஞ்சுக்கும்"னு அவர் முடிச்சப்போ ஆடிட்டோரியமே அதிர்ந்துச்சு. பக்கத்துல இருந்தவன் "ஏண்டா நீ மட்டும் கை தட்டல?"ன்னு கேட்டான். அப்போ சட்டுனு பதில் வரல. இப்போ வருது. அதான் இந்தப் பதிவு.

சுருக்கமாச் சொல்லிடறேன். அந்த ஐயா சின்ன வயசுல ஆடுபுலி ஆட்டம் ஆடியிருக்க மாட்டாரு. ஆடியிருந்தா மேடையில ஆட்டைப் பத்தி இவ்வளவு தைரியமாப் பேசியிருக்க மாட்டாரு.

அதே வாரம் இன்னொண்ணும் நடந்துச்சு. என் கிளாஸ் பையன் ஒருத்தனுக்கு இந்த வெளிநாட்டு மாயாஜாலச் சண்டை விளையாட்டுல பைத்தியம். மேஜை மேல குட்டிக்குட்டிப் பொம்மைகளை நிறுத்தி, ஸ்கேல் வெச்சு அளந்து நகர்த்தி, தாயக்கட்டை உருட்டி அடிச்சுக்கிற ஆட்டம். பொம்மை வாங்கக் காசு ஏது? பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, ஸ்கெட்ச்ல படம் போட்டு வெச்சிருந்தோம். எனக்கு எந்தப் படைன்னு கேட்டப்போ ஆத்தங்கரை எல்ஃபுகளை எடுத்தேன். லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் பாத்தவங்களுக்குத் தெரியும், காது கூரா, கையில வில்லோட வருவாங்களே, அவங்கதான். எங்க விதிப்படி அவங்க தண்ணியில வேகம் குறையாம போகலாம், ஆனா ஒரு அடி வாங்கினா காலி. (எங்க ஊர்ப்பக்கம் செய்யாத்துல தண்ணியைப் பாக்கறதே அபூர்வம். அந்த ஏக்கமோ என்னவோ, ஆத்துப்படைன்னதும் எடுத்துட்டேன்.)

தோத்தேன். அரை மணி நேரத்துல மொத்தப் படையும் காலி. உடனே தீர்ப்பு வந்துச்சு: "வீக்கான சைடை எடுத்தா இப்படித்தான். அடுத்த தடவை ராட்சசனை எடு."

அங்க புலியா இருங்கறாங்க, இங்க ராட்சசனை எடுங்கறாங்க. ரெண்டும் ஒரே உபதேசம்தான். பலம் எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம் போய் நின்னுக்கோ, அவ்வளவுதான். இது சுத்தப் பொய்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தது எங்க ஆயா. அவங்க எந்தக் காலேஜுக்கும் போனதில்லை.

எங்க ஊர் உத்திரமேரூர் பக்கத்துல ஒரு கிராமம். வீட்டுத் திண்ணையில ஆயா கரித்துண்டால ஒரு கட்டம் போட்டு வெச்சிருப்பாங்க. மழையில அழிஞ்சா மறுபடி போடுவாங்க. 3 கூழாங்கல் புலி, 15 புளியங்கொட்டை ஆடு. தெரியாதவங்களுக்காகச் சொல்றேன், தெரிஞ்சவங்க அடுத்த பத்திக்குத் தாவிடுங்க. மேல ஒரு உச்சிப்புள்ளி. அதுல இருந்து 4 கோடு விரிஞ்சு கீழே அடிக்கோடு வரைக்கும் வரும். நடுவுல குறுக்கா 3 கோடு போகும். அந்த 3 கோட்டோட முனைகளையும் ரெண்டு பக்கமும் சேர்த்துட்டா ஒரு செவ்வகம் ஆயிடும். மொத்தம் எண்ணினா உச்சியில 1, குறுக்குக்கோடு ஒவ்வொண்ணுலயும் 6, அடிக்கோட்டுல 4, ஆக 23 புள்ளி. புலி உச்சியிலயும் அதுக்குக் கீழயும் நிக்கும். ஆட்டை ஒவ்வொண்ணா வெச்சுக்கிட்டே வரணும், நடுநடுவுல புலி நகரும். 15 ஆட்டையும் இறக்கற வரைக்கும் ஒரு ஆட்டைக்கூட நகர்த்தக் கூடாது. ஆட்டுக்கு அந்தப் பக்கம் நேர்க்கோட்டுல அடுத்த புள்ளி காலியா இருந்தா புலி தாண்டிக்குதிச்சு வெட்டும். எங்க வீட்டுக் கணக்குல 6 ஆடு வெட்டினா புலி ஜெயிச்சது. 5ன்னு வெச்சு ஆடறவங்களும் உண்டு, 10ன்னு ஆடறவங்களும் உண்டு. 3 புலியும் நகர முடியாம அடைபட்டா ஆடு ஜெயிச்சது.

சின்னப் பிள்ளைங்க யாரா இருந்தாலும் முதல்ல புலியைத்தான் கேப்பாங்க. நானும் அழுது அடம்பிடிச்சு புலியை வாங்குவேன். ஆயா சிரிச்சுக்கிட்டே ஆட்டை எடுப்பாங்க. கால் மணி நேரத்துல என் புலிங்க மூணும் அசையாம நிக்கும். எனக்குப் பத்து வயசு வரைக்கும் ஆயா ஏதோ ஏமாத்தறாங்கன்னுதான் நெனச்சேன்.

இப்போ பி.காம் மூளையோட யோசிச்சுப் பாக்கறேன். இந்த வெளிநாட்டு ஆட்டங்கள்ல ஒரு முறை உண்டு. ஒவ்வொரு வீரனுக்கும் இத்தனை பாயிண்ட்னு ஒரு விலை. ரெண்டு பேரும் ஒரே தொகைக்குப் படை வாங்கணும். பலசாலி விலை அதிகம், அதனால கம்மியாத்தான் கிடைப்பான். எச்.ஜி. வெல்ஸ் 1913ல பொம்மைச் சிப்பாய்களை வெச்சு ஆடறதுக்கு ஒரு விதிப்புத்தகமே எழுதினாரு. 1983ல இங்கிலாந்துல வார்ஹாம்மர் வந்துச்சு. 2001ல லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் பொம்மைச் சண்டையும் வந்துச்சு. இன்னைக்கு அந்த ஆட்டக்காரங்க எந்தப் படைக்கு என்ன விலைன்னு மணிக்கணக்கா சண்டை போடறாங்க. நம்ம திண்ணையில அந்த விலை எப்பவோ முடிவாயிடுச்சு: 3 புலிக்கு 15 ஆடு. அதாவது 1 புலி = 5 ஆடு. இந்த மாற்று விகிதத்தைப் போட்டவங்க புலி ஒசத்தி, ஆடு மட்டம்னு நெனச்சுப் போடல. ரெண்டு பக்கமும் சரிசமமா மோதணும்னு போட்டிருக்காங்க.

"அதெல்லாம் சும்மாடா, புலிக்குத்தான் சாதகம்"னு சொல்றவங்களுக்கு நேபாளத்துல இருந்து ஒரு சேதி. அங்க இதோட பங்காளி ஆட்டம் ஒண்ணு இருக்கு, பாக்சால்னு பேரு. 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு. கவனிச்சீங்களா? அங்கயும் 1 புலிக்கு 5 ஆடுதான்! லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட்னு ரெண்டு ஆய்வாளர்கள் அதைக் கம்ப்யூட்டர்ல போட்டு அலசி, ரெண்டு பக்கமும் தப்பே பண்ணாம ஆடினா டிராதான்னு நிரூபிச்சாங்க. அவங்க கட்டுரை 2009ல புத்தகமா வந்த தொகுப்புல இருக்கு. 5 ஆடு சேர்ந்தா ஒரு புலிக்குச் சமம்னு மலையாடு மேய்ச்ச ஜனங்க போட்ட கணக்கைக் கம்ப்யூட்டராலயும் கவுக்க முடியல.

சரி, ஆயா எப்படி ஜெயிச்சாங்க? இதுதான் பதிவோட மெயின் மேட்டர், கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

கட்டத்தை மனசுல கொண்டு வாங்க. செவ்வகத்தோட 4 மூலை, அடிக்கோட்டோட 2 முனை. இந்த 6 புள்ளியில நிக்கற ஆட்டைப் புலியால தொடவே முடியாது. ஏன்னா அங்க கோடு வந்து முடிஞ்சுடுது, தாண்டிக் குதிக்க அந்தப் பக்கம் இடமே இல்ல. ஆயா முதல் ஆடுகளை அங்கதான் வெப்பாங்க. இதே மாதிரி பத்திரமான புள்ளி இன்னும் ஒண்ணே ஒண்ணு இருக்கு. உச்சி. அங்க ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடியே யாரு உக்காந்திருக்கா? புலி! "சொந்த முயற்சியால மேல வந்தேன்"னு பேசற பெரிய மனுசங்களைப் பாக்கறப்போ எல்லாம் எனக்கு இந்தப் புள்ளி ஞாபகம் வரும்.

அடுத்து இதைப் பாருங்க. ஆட்டுக்குப் பத்திரமான அதே மூலைதான் புலிக்கு ஜெயில். உச்சியில இருக்கற புலியை அடைக்கணும்னா பக்கத்துல 4, அதுக்குப் பின்னாடி 4னு 8 ஆடு வேணும். மூலைக்கு வந்த புலிக்கு 4 ஆடு போதும். இடம் ஒண்ணுதான், அங்க நிக்கறது யாருங்கறதைப் பொறுத்து வீடா ஜெயிலான்னு மாறிடும்.

மூணாவதுதான் ரொம்ப முக்கியம். புலிக்குன்னு தனியா ஒரு பலமும் கிடையாது. யோசிச்சுப் பாருங்க. ஆட்டுக்குப் பின்னாடி இன்னொரு ஆடு நின்னா, அந்தப் புலியால என்ன பண்ண முடியும்? ஒண்ணும் முடியாது. புலியோட பல்லு, நகம் எல்லாமே ஆட்டுக்குப் பின்னாடி காலியா கிடக்கற அந்த ஒரு புள்ளியிலதான் இருக்கு. அந்தப் புள்ளியை மூடிட்டா புலியும் ஒரு கூழாங்கல்தான்.

"இதெல்லாம் விளையாட்டுக்குச் சரி, வாழ்க்கைக்கு ஒத்து வருமா"ன்னு கேக்கறவங்களுக்கு எங்க வீட்டுக் கதை ஒண்ணு சொல்றேன்.

நான் எட்டாவது படிக்கறப்போ அப்பாவுக்கு ஒரு ஆபரேஷன். 20,000 ரூபா வட்டிக்கு வாங்கினோம். நூத்துக்கு 10 ரூபா வட்டி. மாசம் 2,000. பத்து மாசத்துல கட்டின வட்டியே 20,000 ஆயிடுச்சு, அசல் அப்படியே நின்னுச்சு. (எளிய வட்டிக்கணக்கை நான் புத்தகத்துல படிக்கல, வீட்டுலதான் படிச்சேன்.) 2003லயே தமிழ்நாட்டுல கந்துவட்டித் தடைச்சட்டம் வந்தாச்சு. ஆனா மத்தியானம் ரெண்டு மணிக்கு அம்மா தனியா இருக்கற நேரமாப் பாத்து வாசல்ல பைக் வந்து நிக்கறப்போ சட்டம் கூட வந்து நிக்கல. அந்த ஆளு எப்பவுமே அந்த நேரத்துலதான் வருவான். பின்னாடி புள்ளி காலியா இருக்கற நேரம் அவனுக்குத் தெரியும்.

அம்மா ஒரு மகளிர் சுய உதவிக்குழுவுல இருந்தாங்க, 12 பேர். 1989ல தர்மபுரியில ஆரம்பிச்சு தமிழ்நாடு பூரா பரவின குழுக்கள் இருக்கே, அந்த மாதிரி ஒண்ணு. ஒரு கூட்டத்துல அம்மா விஷயத்தைச் சொல்லி அழுதுட்டாங்க. அப்புறம் பாத்தா இன்னும் மூணு பேர் அதே ஆளுகிட்ட மாட்டியிருக்காங்க, வெளிய சொல்லிக்கல. அன்னைக்கு ஒரு முடிவு பண்ணினாங்க. யார் வீட்டு வாசல்ல அந்த பைக் நின்னாலும், பக்கத்துல இருக்கற ரெண்டு பேர் வந்து திண்ணையில உக்காந்துக்கணும். அவ்வளவுதான். திட்டக் கூடாது, சண்டை போடக் கூடாது. கீரை ஆஞ்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கணும்.

அடுத்த தடவை அவன் வந்தப்போ ரெண்டு பேர் வந்து உக்காந்தாங்க. அதுக்கடுத்த தடவை நாலு பேர். அவன் குரல் தானா இறங்கிடுச்சு. அந்தச் சந்துல குழு சேமிப்புல இருந்து நூத்துக்கு 1 ரூபா வட்டிக்கு அம்மா கடன் எடுத்து, அசலை ரெண்டு தவணையா மூஞ்சியில எறியாத குறையாக் கொடுத்து முடிச்சாங்க. மாசம் 2,000 போன இடத்துல 200. அந்த மிச்சத்துலதான் நான் இன்னைக்கு பி.காம் படிக்கறேன்.

அந்த 12 பேர்ல புலி யாரும் இல்ல. மேடையில ஏத்தினா ரெண்டு வார்த்தை பேச மாட்டாங்க. இவங்களைத்தான் அந்தப் பேச்சாளர் மந்தைன்னு சொல்லிட்டுப் போறாரு, நாமளும் கை தட்டறோம்!

இன்னொரு சங்கதியும் சொல்லணும், எங்க ஊர்க்காரனா இருந்துக்கிட்டு சொல்லாம விட்டா ஊரே திட்டும். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துக் கல்லுல முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கு, 919லயும் 921லயும் வெட்டினது. டூரிஸ்டுங்க வந்து "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே தேர்தல்!"னு போட்டோ எடுத்துட்டுப் போவாங்க. எனக்குப் பிடிச்சது தேர்தலை விட அந்த விதிகள்தான். ஊரை 30 குடும்பாப் பிரிச்சு, ஓலையில பேர் எழுதிக் குடத்துல போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னாங்க. ஏரி வாரியம், தோட்ட வாரியம்னு வாரியங்கள். பதவி 360 நாள்தான். முந்தின 3 வருஷத்துல வாரியத்துல இருந்தவன் நிக்கக் கூடாது. வாரியத்துல இருந்துட்டு கணக்கு காட்டாதவன் நிக்கக் கூடாது, அவன் சொந்தக்காரனும் நிக்கக் கூடாது. (கடைசி விதியைப் படிச்சப்போ ஒரு காமர்ஸ் மாணவனா எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.)

இது என்ன? புலியைக் கட்டற வேலைதான். யாரையும் அடிக்கல. ஒவ்வொரு விதியும் ஒரு புள்ளியில வெச்ச ஆடு. ஒருத்தன் பெருத்துப் போய்த் தாண்டிக்குதிக்க இடமில்லாம முன்கூட்டியே மூடி வெச்சிருக்காங்க.

ஆனா நான் ஊர்ப்பெருமை பேசி முடிக்கப் போறதில்லை. அது சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். அந்தச் சபைக்குக் கால் வேலிக்கு மேல வரி கட்டற நிலம் வேணும், சொந்த மனையில வீடு வேணும், வயசு 35க்கும் 70க்கும் நடுவுல இருக்கணும், வேதம் தெரிஞ்சிருக்கணும். எங்க ஆயாவோட முன்னோர்களுக்கு அந்தக் கட்டத்துல ஒரு புள்ளிகூடக் கிடையாது. அவங்களைப் பொறுத்தவரைக்கும் அந்தச் சபை மொத்தமுமே உச்சியில உக்காந்த புலிதான். ஆட்டுக்கட்சின்னா அதையும் சொல்லணும். விதி நல்ல விதியா இருந்தா மட்டும் பத்தாது, கட்டத்துக்குள்ள யாருக்கெல்லாம் இடம் கொடுத்திருக்காங்கன்னும் கேக்கணும்.

இனி எதிர்க்கட்சியோட வாதங்கள். நண்பர்கள் கேட்டது, நானே எனக்குள்ள கேட்டது ரெண்டும்.

முதல் கேள்வி: "ஆடு ஜெயிக்கணும்னா சில ஆட்டைப் பலி கொடுத்துத்தானே ஆகணும்? அந்தப் பலி ஆடு நீயா இருந்தா ஒத்துப்பியா?" நியாயமான கேள்வி. எனக்கு ராத்திரி தூக்கம் கெட்ட கேள்வியும் இதுதான். பதில் இது: பலி கொடுத்துத்தான் ஆகணும்னு சொல்றவன் பெரும்பாலும் ஆடு இல்ல. மேல இருந்து ஆட்டை நகர்த்தறவன். "கம்பெனிக்காகக் கொஞ்சம் தியாகம் பண்ணுங்க"ன்னு சொல்றவரு சம்பளம் குறைஞ்சு பாத்திருக்கீங்களா? எங்க ஆயா ஆட்டத்துல ஆடு சாகறது ரொம்ப அபூர்வம். ஒரு ஆடு வெட்டுப்பட்டா "என் கை தப்பு"ன்னு நாக்கைக் கடிச்சுக்குவாங்க. தந்திரம்னு சொல்லிக்கிட்டதே இல்ல. கூட்டமா நிக்கறதுன்னா எல்லாருமா சேர்ந்து ஒருத்தனை முன்னாடி தள்ளி விடறது இல்லங்க. ஒருத்தன் முன்னாடி நிக்கறப்போ அவன் பின்னாடி போய் நிக்கறது.

ரெண்டாவது கேள்வி: "கூட்டம் கூட்டம்னு சொன்னா தனித்திறமைக்கு என்ன மரியாதை? இது மந்தைப்புத்தி இல்லையா?" மந்தைன்னா எல்லாரும் ஒரே பக்கம் ஓடறது. ஆடுபுலி ஆட்டத்துல 15 ஆட்டையும் ஒரே பக்கம் குவிச்சுப் பாருங்க, மீதிக் கட்டத்துல புலி ஜாலியா உலாத்திட்டு வரும். நல்லா ஆடறவங்க ஒவ்வொரு ஆட்டையும் வேற வேற புள்ளியில, வேற வேற வேலைக்கு வெப்பாங்க. ஒண்ணு மூலையைக் காக்கும், ஒண்ணு வழியை மறிக்கும், ஒண்ணு இன்னொண்ணுக்கு முட்டுக் கொடுக்கும். இதுக்கும் திறமை வேணும். சொல்லப்போனா புலியை ஆடறதை விட அதிகமா வேணும். புலி பக்கம் ஒரு தப்பு பண்ணினா அடுத்த ஆட்டத்துல திருத்திக்கலாம், ஆடு பக்கம் தப்பு பண்ணினா ஒரு உசிரு போயிடும்.

மூணாவது கேள்வி: "நீ தோக்கறதுக்குச் சாக்கு தேடற." ஹிஹி, இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். போன ஞாயித்துக்கிழமை மறுபடியும் அந்த அட்டைப் பொம்மைச் சண்டை. மறுபடியும் ஆத்தங்கரை எல்ஃப். முதல் தடவை ஏன் தோத்தேன்னு யோசிச்சா, வில்லாளிங்களை ஆத்தோரமா ஒத்தை ஒத்தையா நிறுத்தி, ஒவ்வொருத்தனும் ஒரு புலின்னு நெனச்சு ஆடியிருந்தேன். ராட்சசன் ஒவ்வொருத்தனா வந்து தின்னுட்டுப் போனான். இந்தத் தடவை ஆயா கணக்கு. எவனையும் தனியா விடல. ஒருத்தன் கரையில, அவனுக்குப் பின்னாடி தண்ணிக்குள்ள ஒருத்தன். ராட்சசன் முன்னாடி வந்தா பின்னாடி நகர்ந்தோம், பக்கவாட்டுல வந்தா அங்க ரெண்டு பேர் நின்னாங்க. ஒண்ணரை மணி நேரம் போச்சு. டிரா. "இந்த சைடுக்கு விலை கம்மியாப் போட்டுட்டோம், அடுத்த தடவை ஏத்தணும்"னு நண்பன் முணுமுணுத்தான். போன வாரம் வீக்கா இருந்த சைடு இந்த வாரம் ஓவர் பவரு!

கடைசியா என் கிளாஸ்மேட்ஸுக்கு ஒண்ணு. இன்னும் ஆறு மாசத்துல நாம எல்லாரும் வேலை தேடப் போறோம். நூத்துல ஒருத்தன் உச்சிக்குப் போவானான்னு தெரியல. மீதிப் பேர் புளியங்கொட்டைதான். அது அவமானம் இல்ல. புளியங்கொட்டையா இருந்துக்கிட்டு, "நான் ஒரு புலி, எனக்கு யாரும் தேவையில்ல"ன்னு ஒத்தையா ஒரு புள்ளியில போய் நிக்கறோம் பாருங்க, அதைத்தான் எந்தப் புலியும் எதிர்பாக்குது. அந்த மேடைப் பேச்சைக் கேட்டு அதிகமா சந்தோஷப்படறது யாருன்னு நெனக்கறீங்க?

ஆயா போன வருஷம் தவறிட்டாங்க. திண்ணையில அந்தக் கரிக்கோடு மழையில பாதி அழிஞ்சு கிடந்துச்சு. போன வாரம் நான் மறுபடியும் போட்டேன். பக்கத்து வீட்டுப் பொண்ணு, ரெண்டாவது படிக்கறா, வந்து உக்காந்து "அண்ணா, எனக்குப் புலி!"ன்னா. கொடுத்துட்டேன். அவளுக்கு இன்னும் நாலஞ்சு வருஷம் ஆகும்.

டிஸ்கி: உத்திரமேரூர்ப் பக்கம் வர்றவங்க ஒரு ஆட்டம் போட்டுட்டுப் போகலாம். புலி உங்களுக்கு. :-)